கொடியின் மறுமுனை

பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினேன். முன் அறை பளிச்சென்று இருந்தது. நான்கு சுவரும் வெள்ளையடித்து முடிந்து, சிப்பிச் சுண்ணாம்பின் வாடை மூக்கைக் குடைந்தது. சுவரைச் சுற்றி நான் அடித்து வைத்திருந்த ஆணிகள் மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. நடு வீட்டில் ஈரச் சாக்கை விரித்து, அதன்மேல் காலையில் நான் கிடத்திவிட்டுப் போன மணிபிளாண்ட் கொடியைக் காணோம். அது வளர்ந்த மண்தொட்டியையும் காணோம். சாக்கின்மேல் மிதிபட்ட இலைகள் கொஞ்சம் கிடந்தன.

வருஷா வருஷம் எங்களுக்கு வெள்ளையடிக்க வரும் சொரிமுத்து முற்றத்தில் சுண்ணாம்பு மட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“அய்யா ஆபீஸ்லேருந்து ஜீப்பு வந்துச்சு டீச்சரம்மா, அய்யாவும் அதுல வந்தாக. ரெண்டு பேரு கயித்தச் சுருட்டுத மாதிரிச் சுருட்டி ஏத்திட்டாவ. அம்மா வந்துரட்டும்னு நான் சொல்லத்தான் செஞ்சேன். ‘நீரு உம்ம சோலியப் பாரும்’னுட்டாக அய்யா.”

அய்யா என்றால் என் வீட்டுக்காரர் செல்வதுரை. கப்பல் ஏஜென்ட் கம்பெனி ஒன்றில் கிளார்க். நான் அந்தச் சாக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. எதையாவது எடுத்து அந்தப் புதுச் சுவரில் எறிய வேண்டும் போலிருந்தது. எறிவதற்குத் தோதாகப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

அந்தக் கொடியை நான் நாசரேத்தில் திருடினேன். டீச்சர் டிரெயினிங் படிக்கும்போது ஹாஸ்டல் வார்டன் அறை ஜன்னலில் அது இருந்தது. மணிபிளாண்டைக் கேட்டு வாங்கி வைத்தால் துளிர்க்காது, திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று ஹாஸ்டல் முழுக்கப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் களவைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து, அன்று சாயங்காலமே ஒரு விரல் நீளம் கிள்ளி இங்க் பாட்டிலில் போட்டேன். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபோது நகைப்பெட்டியை மாமியார் வீட்டார் தூக்கிக்கொண்டார்கள். இங்க் பாட்டிலை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

தூத்துக்குடியில் செடி வளர்ப்பதென்றால் தண்ணீரோடு மல்லுக்கட்டுவது. கிணறு வீட்டுக்கு வீடு உண்டு, எல்லாம் உப்பு. குளிக்கலாம், துணி அலசலாம், தென்னைக்கு விடலாம். தெருக்குழாயில் விடியற்காலையில் வருகிற ஆற்றுத் தண்ணீர்தான் நல்ல தண்ணீர். அதற்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டைக்கும் தயாராக நிற்க வேண்டும். முதல் வருஷம் விவரம் தெரியாமல் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, இலை ஓரமெல்லாம் கருகி, பாதிக் கொடி போய்விட்டது. அதற்குப் பிறகு நான் குடிக்கிற தண்ணீரில் ஒரு செம்பு அதற்கும் என்று ஆகிவிட்டது. கடல்காற்று கொண்டுவந்து அப்பும் பிசுபிசுப்பைச் சனிக்கிழமைகளில் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பேன். அது ஜன்னலில் ஏறி, வசனக் காலண்டருக்கு மேலே போய், கல்யாண போட்டோவை ஒரு சுற்றுச் சுற்றி, வாசல் நிலைக்கு மேலாகப் படர்ந்து, புறப்பட்ட ஜன்னலுக்கே திரும்பி வந்திருந்தது. மகனை நாசரேத்தில் போர்டிங்கில் சேர்த்த பிறகு இந்த வீட்டில் என்னோடு பேசாமல் இருந்தவை இரண்டு, கொடியும் அவரும். கொடியாவது வளர்ந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் எங்கள் ஆட்களுக்கு ஆகாது. சோற்றுக்கு இல்லாவிட்டாலும் சுவர் வெளுத்தாக வேண்டும். அதனால் டிசம்பர் வந்தால் கொடியை ஆணி ஆணியாகக் கழற்றி இறக்குவேன். பழைய சேலைக் கரையைக் கிழித்துத்தான் கட்டியிருப்பேன், அவிழ்ப்பது லேசு. இறக்குவதுதான் பாடு. ஒருவர் முக்காலியில் ஏறிக் கழற்றினால், இன்னொருவர் கழற்றிய முனையைக் கீழே தாங்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தன் கனத்திலேயே முறிந்துவிடும். “ஒரு முனையப் பிடிங்களேன்” என்று வருஷா வருஷம் கேட்பேன். வருஷா வருஷம் அவருக்குக் கேரல் பிராக்டிஸ் இருக்கும். நான் கழற்றியதைக் கழற்றியதைத் தோளில் போட்டுக்கொண்டு, முக்காலியை இறங்கி நகர்த்தி, மறுபடி ஏறி, ஒற்றை ஆளாகச் சுவரைச் சுற்றி வருவேன். இந்த வருஷமும் அப்படித்தான் இறக்கினேன். அடுத்தவன் வந்து அள்ளிக்கொண்டு போக வசதியாக இறக்கி வைத்திருக்கிறேன் என்பது தெரியாமல் போயிற்று.

யாரிடம் போயிருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போன மாதம் அடைமழையில் ஒரு நாள் அவருடைய மேனேஜர் தாணுலிங்கம் ஜீப்பில் இவரைக் கொண்டுவந்து விட்டார். மழை வெறிக்கட்டும் என்று உள்ளே வந்து உட்கார்ந்தவர் அண்ணாந்து சுவரைப் பார்த்தபடி இருந்தார். நான் அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்தேன்.

“பிரமாதமா இருக்கே! யாரு வளக்கா?” என்றார் மேனேஜர்.

“நாந்தான் சார். பத்து வருஷமா வளக்கேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆள் முன்னால் போய் என்ன சொல்வது? தம்ளரை மேஜையில் வைத்தபோது கொஞ்சம் தளும்பிச் சிந்தியது. அவர் என்னை முறைத்தார்.

கொடி போன அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து சந்தோஷமாகவே வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு, சுவரைத் தடவிப் பார்த்து, “சொரிமுத்து நல்லாத்தான் அடிச்சிருக்கான்” என்றார்.

“யாரக் கேட்டுக் குடுத்தீய?” என்றேன்.

“வீட்டம்மா ஆசப்படுதாகன்னு சார் வாய்விட்டுக் கேட்டுட்டாரு. ஹெட் கிளார்க் வேலை அவரு கையிலதான இருக்கு? ஒரு செடிக்குப் போயி மூஞ்சத் தூக்குதியே.”

“செடிதான். யாரு செடி?”

“என் வீட்ல இருந்த செடி.” சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கொடி போட்டிருந்த ஆணி அது. “என்ன தண்ணி ஊத்தணும்னு கூட கேட்டாரு. கிணத்துத் தண்ணியே தாராளம் சார்னு சொல்லிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை அது. பத்து வருஷமாகக் காலையில் கண்ணுக்கு முன்னால் செம்பு செம்பாக ஊற்றியிருக்கிறேன், எந்தக் குடத்திலிருந்து எடுக்கிறேன் என்று இந்த மனுஷன் பார்த்ததில்லை.

“கிணத்துத் தண்ணி ஊத்தினா செத்துப்போவும். நாளைக்கே போயிச் சொல்லுங்க, குடிக்கிற தண்ணிதான் ஊத்தணும்னு.”

“பத்து வருஷம் வளத்தவன்னு சொல்லிருக்கேன். நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணுன்னு மாத்திச் சொன்னா என்னைய என்னன்னு நினைப்பாரு? சும்மா கெட, ஏளா.”

சும்மா கிடந்தேன். அந்தக் கிறிஸ்துமஸ் எப்படிப் போயிற்று என்று சொல்ல ஒன்றும் இல்லை. பலகாரம் சுட்டேன், கோயிலுக்குப் போனேன், போர்டிங்கிலிருந்து வந்த மகனுக்குத் தலை சீவிவிட்டேன். ஆனால் காலையில் குழாயடியில் குடம் நிறையும்போதெல்லாம் மேனேஜர் பங்களாவில் இப்போது என்ன ஊற்றுவார்களோ என்று மனசு அங்கே போய்விடும். அந்த மேனேஜர் பெண்டாட்டியை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே கரித்துக்கொட்டினேன். சோபாவில் சாய்ந்துகொண்டு, ஆசைப்பட்டதை எல்லாம் ஜீப் அனுப்பி எடுத்துக்கொள்கிற கொழுத்த பொம்பளை என்று ஓர் உருவத்தை உண்டாக்கி வைத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும்போது அவளையும் சேர்த்துத் தேய்த்தேன்.

விடுமுறை முடிகிற சமயம், ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

“சாரு சத்தம் போடுதாரு. இலையெல்லாம் பழுத்து விழுதாம். ‘என்னவே, பட்டுப்போற செடியத்தான் என் தலையில கட்டினீரா’ன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் முன்னால கேட்டுட்டாரு. ஏளா, இதுக்கு மருந்து கிருந்து ஏதும் உண்டா?”

“வளத்தவுகளுக்குத் தெரியாதா?” என்றேன்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ரசம் கவிழ்ந்து தரையில் ஓடியது. நான் துடைக்கவில்லை. காலையில் எறும்பு மொய்த்துக் கிடந்தது, அதையும் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன். பத்து வருஷத்தில் நான் துடைக்காமல் விட்டது அது ஒன்றுதான். மனசுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும், குழாயடியில் பிடித்து வைத்திருந்த குடத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷன்மேல் கோபம், மேனேஜர்மேல் கோபம், அவர் பெண்டாட்டிமேல் கோபம். எல்லாம் சரி. கொடி என்ன செய்தது? மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பீச் ரோட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீரை வீட்டுக்குச் சுமந்து வருகிறவர்களைப் பார்த்திருப்பார்கள். வீட்டிலிருந்து நல்ல தண்ணீரை வெளியே சுமந்து போகிற டீச்சரை இப்போதுதான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன்.

பங்களா கதவைத் திறந்தவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒல்லியான பெண். கழுவாத தலையை அள்ளி முடிந்திருந்தாள். நான் இத்தனை நாள் தேய்த்துக்கொண்டிருந்த பொம்பளை இவள் இல்லை. வேலைக்காரியாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். காதில் இருந்த வைரத்தோட்டைப் பார்த்துத்தான் வீட்டுக்காரி என்று தெரிந்தது. பெயர் அருணாசலவடிவு என்று பிறகு சொன்னாள்.

“யாரு வேணும்?”

“செல்வதுரை வீட்டுல. செடியப் பாக்க வந்தேன்.”

அவள் முகம் செத்துவிட்டது. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை முழிப்பது போல முழித்தாள். “நான் ஒண்ணும் செய்யல. அவுக சொன்ன தண்ணியத்தான் ஊத்துதேன்” என்றாள். நான் எதுவும் கேட்கவில்லை அதற்குள்.

உள்ளே ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். என் தொட்டிதான். மண்தொட்டியின் வெளிப்புறம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, அதற்கும் யாரோ வெள்ளையடித்த மாதிரி. கொடியை ஜன்னல் கம்பியில் ஏனோதானோ என்று சுற்றியிருந்தார்கள். அடிப்பக்கம் பாதிக்கு இலையே இல்லை. இருந்த இலைகளும் ஓரம் கருகி, நடுவில் மஞ்சளாகி, தொட்டதும் உதிர்ந்தன. நுனிப்பக்கம் மட்டும் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் குனிந்து அந்த நுனியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன்.

“எங்க ஆழ்வார்திருநகரியில கிணத்துத் தண்ணிதான் எல்லாத்துக்கும்” என்று பின்னால் நின்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். “கல்கண்டா இருக்கும். இங்க வாயில வைக்க முடியல, தெரியும். ஆனா வாசல்ல நிக்கிற தென்னையெல்லாம் அதத்தான குடிக்கி, இதுக்கு மட்டும் என்னன்னு நினைச்சேன். வாட வாட இன்னும் ரெண்டு செம்பு கூட ஊத்தினேன் அக்கா.”

ஆற்றங்கரையில் பிறந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? வாடினால் தண்ணீர் ஊற்று, இன்னும் வாடினால் இன்னும் ஊற்று. நல்ல எண்ணத்தோடு தினமும் விஷம் வைத்திருக்கிறாள்.

“நீங்க ஆசப்பட்டுக் கேட்டதாத்தான சொன்னாவ?” என்றேன்.

“நானா?” அவள் சிரிக்கப் பார்த்தாள். “இதுக்குப் பேரே எனக்குத் தெரியாது. ஒரு நாளு ஜீப்புல வந்து எறங்குச்சு. கிளப்புல பழகுத யாரு வீட்லயோ பாத்தாகளாம், அதனால நம்ம வீட்லயும் வேணும். ‘வாடுச்சுன்னா ஒன்ன ஊருக்கு அனுப்பிருவேன்’னாக. அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக. நேத்து சிரிக்காமச் சொன்னாக.”

நான் தண்ணீரைத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அடித்துளை வழியே கலங்கலாக வடிந்து பளபளவென்றிருந்த சிமெண்ட் தரையில் ஓடியது. அவள் துணி எடுக்கப் போகவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். உப்பு வடிய வடிய ஊற்றிக் குடத்தைக் காலி செய்தேன். அந்த வீட்டில் நல்ல தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருந்தது. இனிமேல் இந்தத் தண்ணீரை ஊற்றம்மா, பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் கிளம்பியிருக்கலாம். கொடி தழைத்திருக்கும், அவருக்கு ஹெட் கிளார்க் வேலை கிடைத்திருக்கும், பத்து வருஷம் வளர்த்தவர் என்ற பேரும் அவருக்கே நிலைத்திருக்கும். என்னைக் கேட்காமல் கொடுத்தவர் ஒருத்தர், இவளைக் கேட்காமல் கொண்டுவந்து தலையில் கட்டியவர் ஒருத்தர். இரண்டு பேரும் நன்றாக இருப்பார்கள். அதை நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலிக் குடத்தை ணங்கென்று தரையில் வைத்தேன்.

“கொண்டு போயிருங்க அக்கா” என்றாள் வடிவு. “இங்க இருந்தா ஒண்ணு இது சாவும், இல்ல நான் சாவேன்.”

“அவுக வந்து கேட்டா?”

“கேக்கட்டும்.” பிறகு தலையைத் தூக்கி, “குடுத்தா வராது, களவாண்டு வச்சாத்தான் வரும்னு சொல்லுதாகளே, நெசமா?” என்று கேட்டாள்.

“அப்படித்தான் சொல்லுதாவ.”

“அப்போ நான் குடுக்கல. நீங்க களவாண்டுட்டுப் போங்க. நானும் ஒரு முனையப் பிடிச்சுக்கிடுதேன்.”

கம்பியிலிருந்து கொடியை அவிழ்த்தோம். நான் சொல்லச் சொல்ல அவள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். பிள்ளைபெற்றவளிடமிருந்து பிள்ளையை வாங்குகிற மாதிரி, முழங்கையை மடக்கி. பத்து வருஷத்தில் இந்தக் கொடியின் மறுமுனையை ஒருவர் பிடித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போது வந்த அழுகையை அவள் உப்புத் தண்ணீரில் கொடி கருகியதற்காக என்று நினைத்திருப்பாள்.

தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். காலிக் குடத்தை ஒரு கையில் இடுக்கி, மறு கையில் நுனியை ஏந்தியபடி அவள் பின்னால் வந்தாள். நடுவில் கொடி தொய்ந்து ஆடியது. கேட்டைத் தாண்டியதும் அவள், “எந்த வழியாப் போவணும்?” என்றாள்.

மீன் மார்க்கெட் பக்கம் ஒரு சந்து உண்டு. சுற்றுவழி, யார் கண்ணிலும் படாமல் போகலாம். “ஆபீஸ் வழியாத்தான் கிட்ட” என்றேன். அவள் நுனியை ஏந்தியபடி அந்தப் பக்கம் திரும்பினாள்.

ஆபீஸ் விடுகிற நேரம். கடல்காற்று சேலையை இழுத்தது. உதிராமல் இருந்த கருகல் இலைகள் ஒவ்வொன்றாக ரோட்டில் விழுந்தன. வடைக்கடையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டியை ஓரம் ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டார், சப்பரத்துக்கு விடுகிற மாதிரி. கம்பெனி வாசலில் ஜீப் நின்றது. படியில் மேனேஜர் தாணுலிங்கம் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு படி கீழே, சைக்கிளைப் பிடித்தபடி, அவர் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டு என் வீட்டுக்காரர்.

முதலில் என்னைப் பார்த்தார். பிறகு தொட்டியை. பிறகு கொடியோடு கூடவே கண்ணை ஓட்டிக்கொண்டு போய், அது முடிகிற இடத்தில் நிற்பவளைப் பார்த்தார். சிரித்த வாய் மூடவில்லை. மேனேஜர் கையில் தீக்குச்சி எரிந்துகொண்டே இருந்தது.

“ஏளா கனி!” என்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டது கேட்டது. பத்து வருஷத்தில் ரோட்டில் வைத்து என் பெயரைச் சொன்னதில்லை. சைக்கிள் ஸ்டாண்டு தட்டும் சத்தம், யாரோ படியிறங்கும் சத்தம். “வடிவு!” என்று இன்னொரு குரல், அதட்டலாக.

நான் திரும்பவில்லை. திரும்பினால் கொடி முறுக்கிக்கொள்ளும். தொட்டியை இன்னும் கொஞ்சம் ஏற்றி இடுப்பில் இறுக்கிக்கொண்டு, காலை எடுத்து வைத்தேன். பின்னால் கொடி இழுபட்டு இறுகியது. அவள் நின்றுவிட்டாள். இன்னும் ஓர் அடி வைத்தால் அறுந்துவிடும். நானும் நின்றேன், முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

பின்னால் அவள் காலடி ஒன்று என் பக்கமாக வந்தது. மெதுவாக, என் கையில் கொடி தளர்ந்தது.